ஜன்னல் உறையாமல் இருக்க: பேக்ரவுண்ட்வொர்க்கரா, அசிங்க்-அவெய்ட்டா?

பொத்தானை அழுத்தியதும் ஜன்னல் வெளுத்து 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறதா? ஜன்னலை வரைந்து கிளிக்குகளைக் கவனிக்கும் யூஐ த்ரெட்டிலேயே நீண்ட வேலையும் ஓடுகிறது என்று அர்த்தம். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் ஜன்னல் புரோகிராம்கள் எழுத உதவும் வின்ஃபார்ம்ஸில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

பேக்ரவுண்ட்வொர்க்கர் 2005-இல் டாட்நெட் 2.0-உடன் வந்தது. டூவொர்க்கில் வேலை, புராக்ரஸ்சேஞ்ச்டில் முன்னேற்றம், ரன்வொர்க்கர்கம்ப்ளீட்டடில் முடிவு என்று ஒரே வேலை மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். முடிவில் 'இ.எரர்' என்பதைப் பார்க்க மறந்தால் பிழை சத்தமில்லாமல் மறைந்துவிடும். இதைத் தேடியே ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன்.

2012-இல் சி ஷார்ப் மொழியின் 5-ஆம் பதிப்பு அசிங்க்-அவெய்ட்டைக் கொண்டுவந்தது. கிளிக் மெத்தடில் அசிங்க் சேர்த்து, வேலையை 'அவெய்ட் டாஸ்க்.ரன்' என்பதற்குள் வைத்தால் போதும். முடிந்ததும் ஓட்டம் யூஐ த்ரெட்டுக்கே திரும்புவதால், அடுத்த வரியிலேயே லேபிளை மாற்றலாம், வேலையை யூஐ த்ரெட்டுக்கு அனுப்பும் இன்வோக் வேண்டாம். பிழைக்கு வழக்கமான ட்ரை-கேட்ச். முன்னேற்றம் காட்ட 'புராக்ரஸ்' என்ற கிளாஸ் இருக்கிறது. ஆனால் அவெய்ட்டுக்குப் பதில் '.ரிசல்ட்' என்று எழுதினால் ஜன்னல் மறுபடி உறைந்துவிடும். அப்புறம், அவெய்ட்டுக்கு முந்தைய வரியில் பொத்தானின் 'எனேபிள்ட்' மதிப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள்; இல்லையென்றால் பொறுமையில்லாதவர் இரண்டாம் முறை அழுத்த, வேலையும் இரண்டு முறை ஓடும்.

டாட்நெட் 3.5-இலேயே நிற்கும் பழைய புராஜெக்ட் என்றால் பேக்ரவுண்ட்வொர்க்கர் சரி. புதிதாக எழுதுபவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.