திருமலையில் ஒரு சின்ன பைதன் செயலி: அப்பாச்சியா, ஜீயூனிகோர்னா?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதிக்கு ஜாங்கோவில் (பைதனில் இணையத்தளம் கட்டும் சட்டகம்) முன்பதிவுச் செயலி செய்து கொடுத்தேன். ஒரு கோர், ஒரு ஜிபி ராம் உள்ள சேர்வர். ஒரு சீசன் அப்பாச்சி என்ற வெப் சேர்வரும், அதில் பைதன் செயலியை ஓட்டும் மொட்-டபிள்யூஎஸ்ஜிஐயும். அடுத்த சீசன் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வரும், அதன் பின்னால் பைதன் செயலியை ஓட்டும் ஜீயூனிகோர்னும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன்.

விடுதியின் பழைய பிஎச்பி தளம் அப்பாச்சியில் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் அதிலேயே வைத்தேன். டீமன் முறையில் (செயலி தனிப் புரோசஸாக ஓடும்), கோட் மாற்றியபின் செயலியின் தொடக்கக் கோப்பான wsgi.py-ஐ ஒரு தடவை டச் செய்தால் (அதன் நேரத்தைப் புதுப்பித்தால்) போதும், அடுத்த கோரிக்கையோடு புதுக் கோட் ஏறிவிடும். அந்த வசதி எனக்கு இன்னமும் பிடிக்கும். ஆனால் மொட்-டபிள்யூஎஸ்ஜிஐ எந்தப் பைதனோடு கம்பைல் ஆனதோ அதோடுதான் ஓடும். உபுண்டு 22.04 தந்தது 3.10, என் விர்ச்சுவல் என்வ் (செயலிக்கென்று தனியாக வைத்த பைதன் சூழல்) 3.12. லொக்கில் 'ஜாங்கோ என்ற மொடியூல் இல்லை' என்று வந்தது. ஜாங்கோ இருந்தது, தேடிய பைதன்தான் வேறு. அரை நாள் போய்விட்டது.

ஜீயூனிகோர்ன் என்வுக்குள்ளேயே பிப்பால் (பைதனின் பொதி நிறுவி) இறங்குவதால் அந்தச் சண்டை இல்லை. எத்தனை வேர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் புரோசஸ்) வேண்டும் என்பதற்கு, கோர்களை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்பது வழமையான கணக்கு. எனக்கு மூன்று வேர்க்கர். நிலாவெளிக் கடற்கரையில் சிக்னல் குறைந்த போனிலிருந்து பாஸ்போர்ட் படம் ஏற்றுகிறார்கள். என்ஜின்எக்ஸ் அதை முழுதாக வாங்கி வைத்துக்கொண்டுதான் பின்னால் கொடுக்கும். வேர்க்கர் காத்துக் கிடக்காது. படம் 1 எம்பியைத் தாண்டினால் 413 (கோரிக்கை மிகப் பெரிது) என்ற பிழை வரும், அந்த வரம்பை நாமே கூட்டவேண்டும்.

எனக்கு உண்மையில் பிடித்தது பிழையைப் பிரித்துப் பார்க்க முடிவது. புறாமலைத் தீவுக்கான படகுப் பட்டியலைத் திறந்தால் 502 (பின்னாலிருந்து சரியான பதில் இல்லை). என்ஜின்எக்ஸ் 60 செக்கன் பொறுக்கும், அதையும் கூட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஜீயூனிகோர்ன் லொக்கில் 'வேர்க்கர் டைம்அவுட்' இருந்தது: அது 30 செக்கனிலேயே வேர்க்கரைக் கொன்றுவிடுகிறது. என்ஜின்எக்ஸின் பொறுமை தீர்ந்திருந்தால் 504 (நேரம் கடந்துவிட்டது) வந்திருக்கும். டைம்அவுட்டைக் கூட்டவில்லை; ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாக ஓடிய தரவுத்தளக் குவெரியை ஒன்றாக்கினேன்.

என்ஜின்எக்ஸும் ஜீயூனிகோர்னும் பேசிக்கொள்ளும் சொக்கெட் கோப்பை நம் ஹோம் அடைவுக்குள் வைத்தாலும் 502தான். உபுண்டு 21.04 முதல் ஹோமின் அனுமதி 750 (மற்றப் பயனர்களுக்கு அனுமதியில்லை), என்ஜின்எக்ஸ் உள்ளே நுழையாது. அதன் லொக்கில் பிழை எண் 13 என்றால் அனுமதி மறுப்பு, 2 என்றால் சொக்கெட்டே இல்லை, 111 என்றால் சொக்கெட் இருக்கிறது, கேட்க ஆளில்லை. நான் சொக்கெட்டை /run அடைவுக்கு மாற்றினேன்.

ஜீயூனிகோர்ன் செய்யும் வேலையைச் செய்யும் இன்னொன்றான யூவிஸ்கி (uWSGI) பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது, புது வேலைக்கு வேண்டாம்.

பிஎச்பியும் அதே சேர்வரில் ஓடி, டிஸ்ட்ரோவின் பைதனே உங்களுக்குப் போதுமென்றால் அப்பாச்சியை விட்டு வர அவசியமில்லை. ஜீயூனிகோர்னுக்கு வந்தால் சிஸ்டம்டிக்கு (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்துவது) ஒரு யூனிட் கோப்பு எழுதி, எனேபிளும் செய்துவிடுங்கள். ஸ்டார்ட் மட்டும் கொடுத்தால் அடுத்த ரீபூட்டில் எழும்பாது.