12 கேள்வித் தாள்: திருகோணமலையில் பாவித்துப் பார்த்த அனுபவம்

போதையை விட்டு மீண்டு வாறவர்களுக்கு ஆர் துணை நிற்கிறார்கள் என்று அளக்க, உளவளத்துணையில் ஒரு கேள்வித்தாள் பாவிக்கிறோம். சீமெட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988 இல் வெளியிட்ட சமூக ஆதரவு அளவுகோல். குடும்பத்தைப் பற்றி 4, சிநேகிதரைப் பற்றி 4, மனதுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றி 4 என்று மொத்தம் 12 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. காசு கட்டத் தேவையில்லை, ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நல்ல தாள். மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்கிறவர்களைத்தான் அது ஏமாற்றும்.

கடற்றொழில் செய்கிற தம்பி ஒருவர் ஹெரோயினை விட வந்தவர். சிநேகிதர் பற்றிய நாலு கேள்விக்கும் 7 போட்டார். வீட்டுக்கு 2, 3.

"ஆர் தம்பி அந்தக் கூட்டாளி?"

"தோணியில ஒண்டாப் போறவன் அக்கா. கையில காசில்லாட்டியும் தருவான்."

"என்னத்தை?"

பேனை மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். "தூள்தான்."

தாளின் கணக்கில் அது உயர்ந்த ஆதரவு! பிறகு அந்தத் தோணியை விட்டு அவர் விலகினார். சிநேகிதர் புள்ளி கீழே போனது, மொத்தமும் குறைந்தது. அந்த நாட்களில்தான் அவர் தாயோடு இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிடத் தொடங்கியிருந்தார். மூன்று பகுதியையும் தனித்தனியாகப் பாருங்கள் என்று நான் மன்றாடிக் கேட்பது இதனால்தான்.

போதையை நிறுத்திய முதல் நாட்களில் இந்தத் தாளைக் கொடுக்க வேண்டாம். உடம்பு உளைவும் வயிற்றோட்டமும் நித்திரையின்மையுமாகக் கிடக்கிறவருக்கு எல்லாரும் எதிரிதான். வீட்டார் பக்கத்தில் நிற்கவும் விட வேண்டாம். திருமலை சின்ன ஊர், பத்திரகாளி கோயிலடியில் ஒருவர் கண்டாலே கதை வீட்டுக்கு வந்துவிடும். மாமா பார்த்துக்கொண்டிருந்தால் குடும்பத்துக்கு 7 தான் விழும்.

இந்தத் தாளை நான் கைவிடாததற்குக் காரணம், தேவைப்படும் நேரம் பக்கத்தில் இருக்க ஒருவர் உண்டா என்ற கேள்வி. சில கிழமை நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது, அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அந்த நேரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும். அங்கே 1 விழுந்தால் அடுத்த தவணை வரை நான் விடுவதில்லை, அன்றைக்கே ஓர் ஆளைத் தேடுவோம்.

தாளின் அடியில், துணை நிற்கிறவரைப் பற்றிக் கையால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "அவரும் பாவிக்கிறவரா?" அதைப் புள்ளியில் சேர்ப்பதில்லை, கதைக்கத் தொடங்க உதவும். ஆருமே இல்லை என்பவர்களுக்கு, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, என் முன்னாலேயே ஒருமுறை எடுக்கச் சொல்வேன்.