பிளேடா, மேலட்டா: எந்த புட்டர் உங்களுக்கு?

கோல்பில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைதான் புட்டர். மெல்லிய தலை கொண்டது பிளேடு, பெரிய அகலமான தலை கொண்டது மேலட். 2024 மார்ச்சில் கோல்ப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் பிளேடை விட்டுவிட்டு டெய்லர்மேட் ஸ்பைடர் மேலட்டுக்கு மாறினார். ஆர்னால்ட் பால்மர் போட்டியை 5 ஷாட் வித்தியாசத்தில் வென்றார். மறுவாரம் பிளேயர்ஸ், ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டங்களும் அவருக்கே. அதைப் பார்த்துக் கடைக்கு ஓடியவர்கள் பலர். ஆனால் டைகர் உட்ஸ் தன் 15 மேஜர் (கோல்பின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்களில் 14-ஐ நியூபோர்ட் 2 என்ற ஒரே பிளேடால்தான் வென்றார். ஆகவே சாம்பியன் கையில் இருப்பதை விடுங்கள். உங்கள் பந்து எப்படித் தவறுகிறது என்று பாருங்கள்.

மேலட்டின் பலம் அதன் எடை விளிம்புகளில் பரவியிருப்பது. பந்து நடுவில் படாமல் டோ (தலையின் வெளி முனை) பக்கம் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது, வேகமும் பெரிதாகக் குறையாது. 30 அடி புட் (குழியை நோக்கி உருட்டும் அடி) குழிக்கு 5 அடி முன்னாலேயே நின்றுபோகும் தொல்லை இதனால் குறையும். எடையை இரு முனைகளுக்கும் தள்ளும் யோசனையை 1966-லேயே பிங் ஆன்சர் என்ற புட்டரில் கார்ஸ்டன் சோல்ஹைம் பிரபலமாக்கினார். இன்றைய பிளேடுகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. மேலட் அதையே இன்னும் தூரம் கொண்டுபோகிறது.

பிளேடில் பந்து எங்கே பட்டது என்பதைக் கை உடனே சொல்லிவிடும். தினமும் பயிற்சி செய்பவருக்கு அது பெரிய வரம். வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு என் பரிந்துரை மேலட்தான், தயக்கமே இல்லை.

தலையின் வடிவத்தோடு தொங்கலையும் (டோ எவ்வளவு கீழே சாய்கிறது என்பதை) பாருங்கள். ஷாஃப்டை (தண்டை) ஒரு விரலில் கிடையாக நிறுத்துங்கள். முகம் (பந்தை அடிக்கும் பக்கம்) வானத்தைப் பார்த்தால், நேராக இழுத்து நேராக அடிப்பவருக்கு அது பொதுவாக ஒத்துவரும். டோ கீழே தொங்கினால், வளைவாக வீசுபவருக்கு. மேலட்டிலும் தொங்கும் ரகங்கள் உண்டு. கடைக்காரர் பிளேடில் மட்டும்தான் என்றால் நம்ப வேண்டாம்.

நீளத்தை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. கடைகளில் 34, 35 அங்குலமே அதிகம். குள்ளமானவர் அதை எடுத்தால் டோ தூக்கிக்கொள்ளும், கண் பந்துக்கு நேர் மேலே வராது. 33 அங்குலம் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் குழப்பமா? புட்டரின் முகத்தில் பவுடர் பூசி, 20 அடியிலிருந்து பத்து புட் அடியுங்கள். தடம் நடுவிலேயே குவிந்தால் பிளேடு எடுக்கலாம். சிதறினால் மேலட்.