அறக்கட்டளையா, நேரடிக் கொடையா?

தொழில்நுட்பச் செல்வந்தர்கள் போதுமான அளவு திருப்பித் தருகிறார்களா? தொகையைவிடக் கொடுக்கும் விதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பில் கேட்ஸின் அறக்கட்டளை போலியோ, மலேரியா ஒழிப்புக்குப் பல்லாண்டுகளாக விடாமல் செலவிடுகிறது. அந்தப் பொறுமை பெரிய பலம். ஆனால் எந்த நோய்க்கு முன்னுரிமை என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குச் சொத்தில் சுமார் 5% வழங்கினால் போதும். வரிச்சலுகையோ முன்னதாகவே கிடைத்துவிடும். அதனால்தான், 2045-இல் அறக்கட்டளையை மூடிவிடுவதாக 2025-இல் கேட்ஸ் அறிவித்ததை மனதார வரவேற்கிறேன்.

அமேசான் பங்குகளால் செல்வம் பெற்ற மெக்கென்சி ஸ்காட், பெரும்பாலும் நிபந்தனையின்றித் தொண்டு நிறுவனங்களிடமே பணத்தை ஒப்படைக்கிறார். களத்தில் உழைப்பவர்களை நம்பும் இந்த வழியே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

இரண்டுமே வரிக்கு ஈடாகாது. பங்குகளை விற்காதவரை அவற்றின் விலையேற்றத்துக்கு அமெரிக்காவில் வருமான வரி கிடையாது.