பேங்காக் 'பி' ஸ்டாம்ப் வாங்கப் போகிறவர்களே, பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

நேற்றுச் சாயங்காலம்தான் ஏலத் தளத்திலிருந்து அந்தப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். ஒரு போலி ஸ்டாம்புக்குக் கட்டிய என் 4,600 வெள்ளி போயே போய்விட்டது. ஆறு வாரமாகப் பொறுமையாக எழுதினேன், படம் எடுத்து அனுப்பினேன், கெஞ்சியும் பார்த்தேன். இனி யாருக்காகப் பொறுக்க வேண்டும்? பழைய காசு, ஸ்டாம்ப், கைக்கடிகாரம் எல்லாம் ஏலம் விடும் இணையதளம் அது. பெயர் போடவில்லை. ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஒரு காலத்தில் பேங்காக்கில் பிரிட்டிஷ் தூதரகமே தபால் அனுப்பி வந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது நம் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ஸ்டாம்புகள், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் ஓடிய விக்டோரியா ராணி தலைகள். 1882 முதல் அவற்றின் மேல் கறுப்பு மையில் 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை அச்சடித்து விற்றார்கள். 1885 ஜூலை 1 அன்று சயாம் (இன்றைய தாய்லாந்து) உலகத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்ததும் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். கிட்டத்தட்ட மூன்றே வருஷம். விலை ஏறியதற்கு அதுதான் காரணம். திருட்டுக் கைகளுக்கு இது பிடித்துப்போனதற்கும் அதுவே காரணம். முழு ஸ்டாம்பையும் திருடன் போலியாகச் செய்ய வேண்டியதில்லை. காகிதம் அசல், நிறம் அசல், ஓரத்துப் பல் அசல், காகிதத்துக்குள் இருக்கும் வாட்டர்மார்க் அசல். ஒரே ஒரு எழுத்தை மட்டும் மேலே வைத்தால் போதும்.

என் ஆல்பத்தில் 'பி' போட்ட 96 சென்ட் சாம்பல் நிறம் மட்டும் பல வருஷமாகக் காலி. அது ஏலத்துக்கு வந்ததும் விற்பவரிடம் விசாரித்தேன். அவரே போனில் கூப்பிட்டார், தமிழில் பேசினார். "அண்ணே, இது எங்க தாத்தா ஆல்பம். சயாம்ல தேக்கு மரக் கம்பெனியில கணக்குப்பிள்ளையா இருந்தவர். எனக்கு இதப்பத்தி ஒன்னும் தெரியாது. தெரிஞ்சவங்க கைக்குப் போனா தாத்தா ஆத்மா சாந்தியடையும்." அதோடு விட்டிருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்டாம்ப கையால தொடலாமாண்ணே?" அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். விரல் எண்ணெய் படக்கூடாது, இடுக்கியால் எடுக்கணும், ஈரமில்லாத இடத்தில் வைக்கணும் என்று இருபது நிமிஷம் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். கேட்டுக்கொண்டே "சரிண்ணே, சரிண்ணே" என்றார். தொடத் தெரியாதவன் எங்கே போலி செய்யப் போகிறான் என்று என் மனசு தானாகவே முடிவு கட்டிவிட்டது. படத்தின் கீழ்ப்பகுதி இருட்டாக இருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேடலாக் விலையில் பாதிகூட வராது, 4,600 வெள்ளி. அன்றைக்கே கட்டினேன்.

ஸ்டாம்ப் வந்த அன்று இரவு பல் 14 (இரண்டு சென்டிமீட்டரில் வரும் பல் கணக்கு) சரி, கிரீடமும் 'சிசி'யும் உள்ள வாட்டர்மார்க் சரி என்று பார்த்துவிட்டு ஆல்பத்தில் வைத்தேன். மறுநாள் தங்கை மகள் கல்யாண வேலைக்காக சுங்கை பட்டாணிக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பத்து மடங்கு லென்ஸில் சாய்த்துப் பார்த்தபோது வயிற்றில் பகீரென்றது. ஓவர்பிரிண்ட், அதாவது மேலே அச்சடித்த எழுத்து, தபால் முத்திரைக்கு அடியில் இருக்க வேண்டும். முதலில் எழுத்து அச்சாகும், பிறகு விற்பனை, அதன் பிறகுதானே முத்திரை விழும்? இங்கே 'பி'யின் மை முத்திரை வளையத்துக்கு மேலே, பளபளவென்று, எங்கேயும் அறுபடாமல் உட்கார்ந்திருந்தது. இடது கீழ் மூலையில் 'பென்' என்று மூன்று ஆங்கில எழுத்து. அதன் கீழே 87. 1887-இல் பினாங்கில் குத்திய முத்திரை! பேங்காக் அலுவலகம் மூடி இரண்டு வருஷம் ஆன பிறகு.

அது பதினாறாவது நாள். தளத்தின் திருப்பிக் கொடுக்கும் கெடு பதினான்கு நாள்.

தளத்துக்குப் புகார் எழுதினேன். பதில் சொன்ன முதல் ஆள், "நிபுணர் சான்றிதழ் இருந்தால் பரிசீலிப்போம்" என்றார். லண்டனில் இருக்கும் நிபுணர் குழுவுக்கு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்கு ஆகும் என்பது ஸ்டாம்ப் விற்கும் இடத்துக்குத் தெரியாதா? பதினான்கு நாளில் யாரால் அந்தச் சான்றிதழைக் கொண்டுவர முடியும்? இரண்டாவது ஆள், "நாங்கள் இடம் கொடுப்பவர்கள் மட்டுமே" என்றார். என்னிடமிருந்து வாங்குபவர் கட்டணம் பிடித்தபோது அப்படிச் சொல்லவில்லையே. மூன்றாவது ஆள் முதல் ஆளின் வாக்கியத்தையே ஒரு எழுத்து மாறாமல் அனுப்பினார். தேதியைச் சொன்னேன், சயாம் சேர்ந்த வருஷத்தைச் சொன்னேன், லென்ஸில் எடுத்த படத்தில் 87-ஐ வட்டம் போட்டுக் காட்டினேன். அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு சொல் பேசவில்லை.

விற்றவரின் பதில்தான் இன்னும் எரிகிறது. "நான் அன்னைக்கே எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொன்னேனேண்ணே." பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். அவர் விற்று முடித்த பட்டியலைத் தேடிப் போனேன். பேராக், சிலாங்கூர், சுங்கை ஊஜோங் என்று எல்லாமே ஓவர்பிரிண்ட், பக்கம் பக்கமாக. எத்தனை தாத்தா?

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. எழுத்தின் கோடு முத்திரை வளையத்தைத் தாண்டும் இடத்தைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். முத்திரையில் 1885 ஜூலைக்குப் பிந்திய தேதி இருந்தால் 'பி' பெரும்பாலும் பொய். சிங்கப்பூர் முத்திரையைப் பார்த்ததும் மட்டும் பயப்படாதீர்கள், பேங்காக் தபால் சிங்கப்பூர் வழியாகத்தான் போனது, அங்கேயும் குத்துவார்கள். சான்றிதழ் வரும்வரை திருப்பிக் கொடுக்கும் கெடுவை நீட்டிப்பதாக, பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது. 4,600 வெள்ளி கட்டித் தெரிந்துகொண்டேன்.

இதை எழுதும்போதே அந்த ஆளின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 24 சென்ட் பச்சை, மேலே 'பி'. "தாத்தாவின் ஆல்பத்திலிருந்து" என்று போட்டிருக்கிறான். ஏழு பேர் ஏற்கெனவே விலை கேட்டிருக்கிறார்கள். ஏலம் ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிகிறது. அந்த ஏழு பேரில் யாராவது இதைப் படித்தால், படத்தின் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இதிலும் அங்கே இருட்டுத்தான்.