முழங்கால் தேய்ந்த அம்மாயி, கைக்குழந்தை: நுவரெலியாப் பக்கம் எங்கே போகலாம்?

இளவயசு முழுக்க மலை ஏறிக் கொழுந்து எடுத்தவர் எங்கள் அம்மாயி. இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்து, வோக்கர் பிடித்து வாசலுக்கு வருவதே அவருக்கு நீண்ட நடை. தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றும் கழிந்தபின், இவர்கள் எல்லோரையும் ஒரு பகல் வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. தலவாக்கலையில் இருக்கிற எங்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஹக்கல, பேராதனைப் பூந்தோட்டங்கள், டெவோன் அருவி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் விக்டோரியா பூங்காவுக்குப் போனோம். நாளைக்கு யாராவது கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

சிலவற்றை யோசிக்காமலே தள்ளிவிடலாம். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்பைப் பார்த்துத் திரும்பும் நடைச் சுற்று ஏறக்குறைய 9 கிலோமீற்றர். சீதாஎலிய சீதையம்மன் கோயிலுக்குப் போக அம்மாயிக்குக் கொள்ளை ஆசைதான். ஆனால் ரோட்டிலிருந்து படி இறங்கித்தான் சன்னதிக்குப் போக வேண்டும். வேனை ஓரங்கட்டி, இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

மற்ற இடங்களை எடைபோட எனக்கு உதவியது ஒரே கேள்வி: வேன் கதவிலிருந்து உட்காரும் இடம் எவ்வளவு தூரம்? அழகு, டிக்கட் விலை, சாப்பாட்டுக் கடை எல்லாம் இதற்குப் பிறகுதான். ஒன்றரை மாதப் பிள்ளைக்கு இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பால் கொடுக்க வேண்டும், நனைந்த துணி மாற்ற வேண்டும். வயசானவருக்கு டொய்லட் அவசரம் சொல்லிக்கொண்டு வராது. மலைநாட்டு மழையும் அப்படித்தான், பத்து நிமிசத்தில் இருட்டிக்கொண்டு கொட்டும். இந்த மூன்றுக்கும் ஓடி ஒதுங்க நமக்கு இருப்பது வேன்தான். அது தூரத்தில் நின்றால் என்ன நடக்கும்? பிள்ளையோடு ஒருவர் வேனிலேயே தங்கிவிடுவார், பெரியவரோடு ஒருவர் பாதி வழியில் நிற்பார், மிச்சப் பேர் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் ஒன்றாக இருக்கத்தான் புறப்பட்டோம் என்பது அந்த அலைச்சலில் மறந்துபோகும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சரிவு. ஒரு இடத்துக்குப் போய் வந்தவர்களிடம் நாம் "ஏத்தம் இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். தேய்ந்த முழங்காலுக்கு இறக்கம்தான் அதிகம் வலிக்கும், ஏனென்றால் இறங்கும்போது மூட்டில் விழும் பாரம் கூடுகிறது. ஆகவே இறக்கத்தைப் பற்றியும் கேளுங்கள்.

இப்படிப் பார்த்தால் விக்டோரியா பூங்காவுக்குக் கிட்ட வேறொன்றும் வரவில்லை. விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்த அறுபதாவது ஆண்டு நினைவாக 1897 இல் பெயர் வைத்த பூங்கா அது. டவுன் நடுவில், பழைய செங்கல் தபால் கந்தோருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுவரெலியாவில் சமதரை கிடைப்பதே அரிது, இந்தப் பூங்கா கிட்டத்தட்ட முழுக்கச் சமதரை. வேனை வாசலில் நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டு, டிரைவர் பக்கத்துத் தெருவில் போய் நிற்கலாம். கோல் பண்ணினால் வந்துவிடுவார். உள்ளே நடைபாதை ஓரமாக, மரத்தடியில் பெஞ்சுகள் இருக்கின்றன. அம்மாயி இரண்டு பெஞ்சு தாண்டி மூன்றாவதில் உட்கார்ந்தார். தங்கச்சி பக்கத்திலேயே சால்வையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள். பார்மசி, கடை, சாப்பாடு எல்லாம் வெளியே நாலு எட்டில். தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய விசயமில்லை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

உட்கார்ந்த இடத்தில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? நவம்பரிலிருந்து மார்ச் வரை இந்தப் பூங்காவுக்கு வலசைப் பறவைகள் வரும். இமயமலைப் பக்கமிருந்து வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்க்கவென்றே வெளிநாட்டுக்காரர்கள் பெரிய கேமராவோடு காத்திருப்பார்கள். ஆறுமணிக்குருவியும் புதர் அடியில் தத்தித் திரியும். இதற்கெல்லாம் நடக்கவே தேவையில்லை, அசையாமல் இருப்பவருக்குத்தான் குருவி தெரியும். கிளம்பலாமா என்று கேட்டபோது, "ஏன் சாமி, இன்னும் கொஞ்சம் இருப்பமே" என்றார் அம்மாயி. வீட்டில் எதையும் கேட்டு வாங்காதவர் அவர்.

குறையும் உண்டு. பூங்கா ஊடாக ஓடும் ஓடை சில இடத்தில் நாறும், அதைவிட்டுத் தள்ளிய பெஞ்சாகப் பாருங்கள். ஏப்ரல் சீசனில் வாசலில் வண்டி நிறுத்துவது நடக்காத காரியம், போயா (பௌர்ணமி) விடுமுறையிலும் சனம் அதிகம். எங்கள் அம்மாயி வோக்கரில் கொஞ்சமாவது நடப்பவர். முழுநேரமும் சக்கர நாற்காலியில் இருப்பவரை அங்கே கூட்டிப்போன அனுபவம் எனக்கில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கிரகரி வாவியை யோசிக்கலாம். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873 இல் கட்டிய வாவி. கரையோர நடைபாதை அகலமாக, மட்டமாக இருக்கிறது, சக்கரம் நன்றாக உருளும். கைக்குழந்தை இல்லாத குடும்பமென்றால் நான் வாவியையே முதலில் சொல்லியிருப்பேன். பிள்ளை இருப்பதால்தான் தயக்கம். தண்ணீர்மேல் வரும் காற்று நேராகக் காதில் அடிக்கும், ஒதுங்க நிழல் குறைவு, மோட்டார் படகுச் சத்தத்தில் பிள்ளை தூங்காது. திரும்பும் வழியில் வேனுக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டோம், அதுவே போதுமாக இருந்தது.

ஹக்கல இவை எல்லாவற்றையும்விட அழகு. 1861 இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய தோட்டம், பின்னால் ஹக்கல மலை நிமிர்ந்து நிற்கும். ஆனால் தோட்டமே சரிவில் கிடக்கிறது. வாசலுக்குக் கிட்ட இருக்கும் பூப்பாத்திகளோடு திரும்ப மனசிருந்தால் மட்டும் போங்கள்.

பேராதனைப் பூந்தோட்டத்தைக் கண்டி, கம்பளைக்காரர்களுக்குச் சொல்வேன். மகாவலி வளைத்து ஓடும் 147 ஏக்கர், பெரும்பாலும் சமதரை. கடல் மட்டத்திலிருந்து 460 மீற்றர்தான் என்பதால் பிள்ளைக்குக் குளிர்ப் பயமில்லை. அதன் பரப்புத்தான் இடிக்கிறது. வேன் வெளியே நிற்க, புல்வெளியில் இருக்கும் அந்தப் பெரிய அத்தி மரத்தடிக்குப் போய்ச் சேர வோக்கர்காரருக்கு எவ்வளவு நேரமாகும்? நான் அங்கே போனது நன்றாக நடப்பவர்களோடுதான், அதனால் சக்கர நாற்காலி உள்ளவர்கள் சொல்வதை என் பேச்சைவிட அதிகம் நம்புங்கள். நம் பக்கமிருந்து போனால் அவ்வளவு வளைவு இறக்கத்தில் பிள்ளைக்குக் காது அடைக்கும். இடையில் வேனை நிறுத்திப் பால் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

இன்னும் தைரியம் வராதவர்களுக்கு டெவோன் அருவி. 97 மீற்றர் விழும் தண்ணீரை ஹட்டன் ரோட்டு ஓரத்திலிருந்தே பார்க்கலாம், வேனைவிட்டு இறங்கக்கூடத் தேவையில்லை. பக்கத்துச் சென்கிளேயர் அருவியில், 2012 இல் மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபின் பழைய தண்ணீர் இல்லை. முதல் பயணத்துக்கு அரைநாள் டெவோன், அடுத்த மாதம் பூங்கா என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பூங்காவுக்கென்றால் காலை பத்து மணிக்கு அங்கே நிற்கிற மாதிரிப் புறப்படுங்கள். பனி காய்ந்திருக்கும், பின்னேர மழைக்கு முன் திரும்பிவிடலாம். தலவாக்கலையிலிருந்து 600 மீற்றருக்கு மேல் ஏறுகிறோம், 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் நம் ஊரைவிட நாலு பாகையாவது குளிர் கூட. பிள்ளைக்குக் குல்லாவும் ஒரு சுற்று அதிகத் துணியும் வேண்டும். வேன் பிடிக்கும்போது டிரைவரிடம் படி எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். அம்மாயிக்கு அந்த முதல் படிதான் அன்றைக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது. வீட்டிலிருந்து ஒரு குட்டி ஸ்டூல் எடுத்துப்போய்க் கீழே வைத்தோம், இறங்கும்போதும் அதையே வைத்தோம்.