30,000 கொடுத்து வாங்கிய ஒயின் ஸ்லஷி மெஷினுக்குள் கம்ப்ரஸரே இல்லை: தயவுசெய்து படியுங்கள்

சற்றுமுன் ஒரு மெயில் வந்தது. "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, சேவையை மதிப்பிடுங்கள்" என்று ஐந்து நட்சத்திரப் படம் போட்டு. என்ன தீர்த்தார்கள்? என் 30,000 போனது போனதுதான், மெஷின் மூலையில் சும்மா நிற்கிறது. அந்தச் சூட்டோடு இதை எழுதுகிறேன். வீட்டில் ஒயின் ஸ்லஷி, அதாவது பொடிப்பனியாக உறையவைத்த ஒயின், போட ஆசைப்பட்டு இப்படி ஒரு மெஷின் தேடுகிறவர்கள் முழுவதும் படியுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வாங்கியது எல்லாப் பொருளும் விற்கும் பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில், அதில் கடை வைத்திருக்கும் ஒரு விற்பனையாளரிடம். இரண்டு பெயரையும் சொல்லப்போவதில்லை. விளம்பரத்தில் ஒரு பெண் கைப்பிடியை இழுக்கிறாள், ரோஜா நிறத்தில் ஒயின் பனியாகக் கோப்பையில் சுருண்டு விழுகிறது. கீழே 1971இல் டல்லஸில் மரியானோ மார்ட்டினெஸ் என்பவர் சாஃப்டி ஐஸ்கிரீம் மெஷினை மாற்றியமைத்து மார்கரிட்டா என்ற காக்டெய்லை உறையவைத்த கதை. அந்த மெஷின் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். கதை உண்மைதான். "அதே தொழில்நுட்பம் இனி உங்கள் சமையலறையில்" என்று அதற்கு அடியில் எழுதியிருந்ததுதான் பச்சைப் பொய்.

மிக்ஸியில் ஐஸ் போட்டு அடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். அடிக்கலாம். ஆனால் ஐஸ் உருகினால் தண்ணீர், ஒயின் நீர்த்துப்போகும். ஸ்லஷி மெஷினில் தண்ணீரே சேர்வதில்லை. உள்ளே ஒரு குளிர்ந்த உருளை, அதைச் சுற்றி ஒரு திருகு. உருளையில் ஒட்டும் பனியைத் திருகு சுரண்டிச் சுரண்டிக் கலக்கிவிடும், ஊற்றிய ஒயினே பொடிப்பனியாக மாறும். அதற்காகத்தான் 30,000 கொடுக்கத் துணிந்தேன்.

வாங்கும் முன் சாட்டில் கேட்டேன்: "ஒயின் நிஜமாகவே உறையுமா?" இந்த இடத்தில்தான் என்னை வீழ்த்தினார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "ப்ரோ, சும்மா ஒயினை மட்டும் ஊற்றாதீங்க. 12, 13 சதவீத ஒயின் மைனஸ் 5 டிகிரி பக்கத்தில்தான் உறையவே ஆரம்பிக்கும். ட்ரை ஒயினில் சர்க்கரையும் கிடையாது, பனி கரடுமுரடாக வரும். ஒரு பாட்டில் ரோஸே ஒயினுக்கு, அதான் அந்த ரோஜா நிற ஒயின், கால் பாட்டில் சர்க்கரைப் பாகு, கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரி அரைத்து வடிகட்டி, எலுமிச்சைச் சாறு. குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் சாதாரணமாகக் குடிக்கும்போது கொஞ்சம் திகட்டுகிற அளவு இருக்கணும்" என்றார். எல்லாம் சரியான பேச்சு. முதலில் தண்ணீர்தான் பனியாகும், மிச்சமிருக்கும் திரவத்தில் சர்க்கரையும் ஆல்கஹாலும் ஏறிக்கொண்டே போகும், அதனால்தான் மொத்தமும் கட்டியாகாமல் ஸ்லஷாக நிற்கிறது என்று அவரே விளக்கினார். "கம்ப்ரஸர் தானே?" என்று கேட்டேன். "நூறு சதவீதம் கம்ப்ரஸர் ப்ரோ" என்று எழுத்தில் பதில். இவ்வளவு தெரிந்த ஒருவர் குப்பையை விற்பாரா? ஆர்டர் போட்டேன்.

மெஷின் வந்தது. அவர் சொன்ன அளவிலேயே கலவை, முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்தது. ஊற்றி ஓடவிட்டேன். திருகு சுற்றியது, விளக்கு நீலமாக எரிந்தது, ஃபேன் இரைந்தது. ஒரு மணி நேரத்தில் ஸ்லஷ் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். மாலை முழுக்க ஓடியும் சமையல் தெர்மாமீட்டர் 8 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது 5 டிகிரி இருந்த கலவை இது! குளிர்விக்கும் மெஷினில் ஊற்றிய பிறகு சூடேறியிருக்கிறது. வந்திருந்தவர்கள் பாவம், சில்லென்றுகூட இல்லாத ஸ்ட்ராபெர்ரி ஒயினை மரியாதைக்குக் குடித்தார்கள்.

சாட்டைத் திறந்தேன். முதல் பதில், "பயணத்தில் சாய்ந்திருக்கும், 24 மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போடுங்கள், கம்ப்ரஸர் ஆயில் இறங்கணும்." கம்ப்ரஸர் உள்ள பொருளுக்கு இது நியாயமான யோசனைதான். வைத்தேன். அதே கதை. அடுத்த பதில், "சர்க்கரை அதிகம், அதனால் உறையவில்லை." பாகின் அளவைச் சொன்னதே நீங்கள்தானே என்று பழைய சாட்டைப் படமெடுத்து அனுப்பினேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஒயினில் ஆல்கஹால் கூடுதலாக இருக்கும், வேறு ஒயின் முயலுங்கள்" என்று வந்தது.

சரி, ஆல்கஹாலே வேண்டாம் என்று வெறும் பழச்சாற்றை ஊற்றினேன். அது மைனஸ் 1, 2 டிகிரியிலேயே உறையத் தொடங்க வேண்டும். ஒரு துளி பனி இல்லை. கடைசியாக வெறும் தண்ணீர். நல்ல மெஷினில் வெறும் தண்ணீரை ஊற்றினால் உருளையோடு கல்லாக இறுகித் திருகு சிக்கிக்கொள்ளும், ஊற்றவே கூடாது. இங்கே குழாயில் பிடித்த மாதிரியே தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "வெறும் தண்ணீர் ஊற்றியதால் வாரண்டி ரத்து." படித்துவிட்டு சிரிப்புதான் வந்தது. விற்பதற்கு எந்தப் பாடத்தைச் சொல்லி நம்பவைத்தார்களோ, அதே பாடத்தைத்தான் கைகழுவவும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சாக்கிலும் ஒரு உண்மை இருக்கிறது. என் மெஷினுக்குத்தான் அதில் எதுவும் பொருந்தவில்லை.

இதற்குள் "ப்ரோ" போய் "அன்பான வாடிக்கையாளரே" ஆகியிருந்தது.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். தூக்கிப் பார்த்தவுடனே, "இது என்ன, பூவாட்டம் இருக்கு?" என்றார். வீட்டு உபயோகத்துக்கான கம்ப்ரஸர் ஸ்லஷி மெஷின் பத்து கிலோவுக்கு மேலேயே இருக்கும். இது ஐந்து கிலோகூட இல்லை. பின்பக்க வலை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்புக் குண்டு மாதிரி இருக்க வேண்டிய கம்ப்ரஸர் இல்லை, செப்புக் குழாய் இல்லை. ஒரு அலுமினியத் தகட்டு அடுக்கு, ஒரு ஃபேன், நடுவில் பெல்டியர் தகடு. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சின்ன வில்லை அது. காரில் வைக்கும் குட்டிக் குளிர்பெட்டிகளில் இருப்பது. நாலு டின்னைச் சில்லென்று வைத்திருக்கும், அவ்வளவுதான். தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 0 வரை இறக்குவதற்கு ஆகும் வேலையைப் போல மூன்று மடங்கு, அந்த 0 டிகிரித் தண்ணீரை ஐஸாக்க ஆகும். அதை இந்த வில்லை எங்கே செய்வது! இதற்குத்தான் 30,000.

படங்களோடு தளத்தின் உதவி மையத்துக்கு எழுதினேன். "திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது" என்றார்கள். ஏன் முடிந்தது? விற்பனையாளர் நிமிர்த்தி வை, சர்க்கரையைக் குறை, ஒயினை மாற்று, வீடியோ தெளிவில்லை மறுபடி எடு என்று இழுத்தடித்ததால். கெடு முடிகிறவரை கனிவாகப் பேசினார்கள், முடிந்த மறுநாளிலிருந்து பதிலே இல்லை. தளத்தில் பேசிய பெண் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்கள் ஏமாற்றம் புரிகிறது" என்று அடுத்த வாங்கலுக்குப் பத்து சதவீதக் கூப்பன் கொடுத்தார். 30,000க்குப் பதில் கூப்பன்! விற்பனையாளர் பக்கத்தில் அந்த மெஷின் இன்னமும் விற்பனையில் இருக்கிறது, "சில மட்டுமே மீதம்" என்ற சிவப்பு எழுத்தோடு.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் இருந்தால் ஆர்-600ஏ, ஆர்-290, ஆர்-134ஏ என்று குளிர்விக்கும் ஏதாவது ஒரு கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அதில் இருந்தே தீரும். ஸ்டிக்கரைக் காட்ட மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். எடையைக் கேளுங்கள். விளம்பர வீடியோவை நம்பாதீர்கள், அது வேறு மெஷின். வந்த அன்றே ஓடவிடுங்கள், சரியில்லை என்றால் சாட்டில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் ரிட்டர்ன் பட்டனை அழுத்துங்கள், பேச்சு அப்புறம். பழைய சாட் மறைந்துவிடலாம், படமெடுத்து வையுங்கள்.

ஸ்லஷ் குடித்தே ஆகணும் என்றால் ஒயினைத் தட்டையான ட்ரேயில் ஊற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். ஆல்கஹால் இருப்பதால் கல்லாகாது, கரண்டியால் சுரண்டலாம். அதை உறைந்த ஸ்ட்ராபெர்ரியும் பாகும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் போதும்.

கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் தகராறு மனு போடலாம் என்கிறார்கள். "நூறு சதவீதம் கம்ப்ரஸர் ப்ரோ" என்ற அந்த ஒரு வரியைத்தான் முதல் சான்றாக இணைக்கப்போகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது மனு போட்டுப் பணத்தை மீட்டிருந்தால் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.